ஏழு நூல் உருளை

ஒரு ஊர்ல ஒரு நாலுகால் கிடார் இருந்துச்சு.

சிரிக்காதே, நெசமாவே நாலு கால். நெஞ்சோட அணைச்சு வாசிக்கிற கிடார் இல்ல அது. மேசை மாதிரி நிக்கும். மேல பத்துக் கம்பி, அடியில மிதி. மிதிச்சா சுதி வழுக்கிக்கிட்டு ஏறும். வலது கை மீட்டும், இடது கையில ஒரு ஸ்டீல் உருளை. அந்த உருளையை அமுக்கக் கூடாது. தூங்குற பூனையைத் தடவுற மாதிரி கம்பி மேல வச்சு நகர்த்தணும். அப்போ வ்வ்வூஊஊம்னு ஒரு சத்தம் வரும் பாரு, அழுகைக்கு முன்னாடி தொண்டையில வந்து நிக்குமே, அது மாதிரி. ம் சொல்லு.

ம்.

ஊரு தூத்துக்குடி. கப்பல்ல வேலை பார்த்த ஒருத்தர் அதை எங்கிருந்தோ கொண்டாந்தார். வீட்டம்மா ஒரு முறை முறைச்சாங்க. மறுநாளே அதை முத்துச்சிப்பி மெல்லிசைக் குழுவுக்குத் தானமாக் கொடுத்துட்டார். பெட்டியில எல்லாம் இருந்துச்சு, உருளையைத் தவிர.

அந்தக் குழுவுல துணி தைக்கிறவ செலஸ்டீன். மேடையில எல்லாரும் போடுற நீலக் கோட்டு அவ தைச்சது. மேடையில அவளுக்கு இடமில்ல. பின்னாடி நின்னு, அறுந்து விழுற பட்டனுக்குக் காவல் இருப்பா. முப்பத்தாறு வயசு. ஒரு நாள் யாரும் இல்லாதப்போ அந்த மிதியில காலை வச்சுப் பாத்தா. எப்போ அழுத்தணும், எப்போ விடணும்னு காலுக்கே தெரிஞ்சுது. பதினெட்டு வருஷம் தையல் மெஷின் மிதிச்ச கால் இல்லையா? அன்னிக்கு அவ மனசு, கிடாருக்கு முன்னாடி வாசிக்கிறவங்க உக்கார்ற அந்த ஸ்டூல்ல போய் உக்காந்துது. அப்புறம் எந்திரிக்கவே இல்ல.

ஆனா குழுவை நடத்துற கொரைரா மாஸ்டருக்கு ஒரு மச்சினன் இருந்தான், லொயோலான்னு. அவனுக்கும் அந்த ஸ்டூல் வேணும். மாஸ்டர் சொன்னார்: “மாதா கோயில் திருவிழாவுக்கு மூணு ஞாயிறு இருக்கு. மாதா பாட்டுக் கடைசியில ஒரு நீளச் சுரம் வருதுல்ல, அதை அறுபடாம யாரு இழுக்காங்களோ அவங்களுக்கு ஸ்டூலு.” எவ்வளவு நியாயமான மனுஷன்னு எல்லாரும் சொன்னாங்க. லொயோலா ரெண்டு தடவை சொன்னான்.

அப்புறம், உருளை வேணுமே? “கனந்தான் நாதம். எட்டு நூலுக்குக் கடையச் சொல்லு”ன்னார் மாஸ்டர். நூல்னா தைக்கிற நூல் இல்ல கண்ணு. பட்டறைக்காரங்க ஒரு இஞ்சை எட்டாப் பிரிச்சு, ஒவ்வொண்ணையும் நூல்னு சொல்லுவாங்க. எட்டு நூல்னா முழுசா ஒரு இஞ்சு தடிமன். துறைமுகத்துப் பக்கம் லேத்துப் பட்டறை வச்சிருந்த மீரான் பாய், உர்ர்ர்ர்னு கடைஞ்சு குடுத்தார்.

முதல் ஞாயித்துக்கிழமை. லொயோலா அதை உலக்கை மாதிரி பிடிச்சான். சத்தம் நல்லா கனமா வந்துச்சு. ஆனா கால் மிதி மாறிப் போய், சுரம் ‘மேஏஏ’ன்னு ஆடாக் கத்துச்சு. அப்போ செலஸ்டீன் உக்காந்தா. பாதி வரைக்கும் தேனு. அப்புறம் அந்தச் சின்னக் கையில இருந்து உருளை வழுக்குச்சு, டொங்! டுர்ர்ர்ர்னு உருண்டு மாஸ்டர் நாற்காலிக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டுது.

“நெத்திலிக் கையி! சீலா மீனு தின்னுட்டு வாங்கக்கா”ன்னான் லொயோலா.

அவ பாய்கிட்ட ஓடினா. “கனம் தாங்கல பாய். சின்னதா, அஞ்சு நூலுக்குப் போடுங்க. நீளமும் வேண்டாம்.” பாய் உர்ர்ர்ர்.

ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. உருளை கையில இருக்கிறதே தெரியல, பறக்குது. ஆனா பத்துக் கம்பியில ஏழுக்குத்தான் எட்டுச்சு. மிச்ச மூணும் கேட்பாரில்லாம கத்துச்சு. எட்டின ஏழும் கனம் பத்தாம கிர்ர்ர் கிர்ர்ர்னு அதிர்ந்துச்சு.

“அது உருளையாக்கா, கொசுவாக்கா?”

லொயோலாவுக்கு அன்னிக்கும் ஆடுதான் கத்துச்சு. ஆனா அவன் ஆண்பிள்ளை, மச்சினன் வேற. “பழகிடும்”னார் மாஸ்டர். ம் சொல்லு.

...ம்.

அப்போ செலஸ்டீனுக்கு ஒரே ஒரு ஞாயிறு பாக்கி. பட்டறையில போய் நின்னா. கண்ணு கலங்கியிருந்துச்சு. “பெருசும் ஆகல, சிறுசும் ஆகல. நடுவுல ஏதாவது போடுங்க பாய்.”

“நடுவுலன்னா? எட்டுன்னு மாஸ்டர் சொன்னாரு, அஞ்சுன்னு நீங்க சொன்னீய. கேட்டதைக் கடைஞ்சேன். எனக்கு நாதமும் தெரியாது, கீதமும் தெரியாது. இந்த மெஷின் சத்தத்துல பாதிக் காது போயாச்சு.” பாய் தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார். “ஆனா இந்தச் சட்டை நீங்க தைச்சது. என் தோளை அளந்துட்டுத்தானம்மா தைச்சீய?”

செலஸ்டீன் குனிஞ்சு பாத்தா. கழுத்துல டேப்பு தொங்குது. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவளுக்கு, சொந்தக் கையை அளக்கணும்னு மட்டும் தோணவே இல்ல.

அப்புறம் ரெண்டு பேருமா அளந்தாங்க. நீளத்தைப் பத்துக் கம்பி சொல்லுச்சு: மூணேகால் இஞ்சு, அதுல பேச்சே இல்ல. தடிமனைக் கை சொல்லுச்சு: கட்டைவிரலும் நடுவிரலும் வலிக்காமப் பிடிக்க ஏழு நூல். ஒரு முனை உருண்டையா, மறுமுனையில கட்டைவிரல் உக்காரக் குட்டியா ஒரு குழி.

மூணாவது ஞாயித்துக்கிழமை. வ்வ்வூஊஊஊஊம்... அறுபடல. நடுங்கல. தபேலாக்காரர் அடிக்கிறதை விட்டுட்டுக் கேட்டார்.

மாஸ்டர் துள்ளி எந்திரிச்சார். “கண்டுபிடிச்சாச்சு! ஏழு நூலுதான் சரியான அளவு! தீர்மானம் எழுதுங்கப்பா. இந்தக் கிடார்ல யாரு உக்காந்தாலும் ஏழு நூல்தான் பிடிக்கணும்!”

“மாஸ்டர், அது என் கைக்கு...”

“நீ சும்மா இரும்மா. அளவு விஷயம் உனக்குப் புரியாது.”

“இல்ல மாஸ்டர், ஒவ்வொரு கைக்கும்...”

“எழுதிக்கிட்டிருக்காங்கல்ல? பேசாத.” அப்புறம் திரும்பினார். “லொயோலா, சரியான உருளை வந்தாச்சு. இனி நீயே வாசிக்கலாம். உக்காரு!”

செலஸ்டீனுக்கு முகம் வெளுத்துப் போச்சு. மூணாவது தடவை வாயைத் திறக்க வந்தவ, லொயோலா உருளையைப் பிடிக்கிறதைப் பாத்தா. வாழைப்பழம் மாதிரி அஞ்சு விரலு. அதுக்குள்ள ஏழு நூல் உருளை இருக்கிற இடமே தெரியல. அவ வாயை மூடிக்கிட்டா.

கிர்ர்ர். மேஏஏ. சறுக். கிர்ர்ர்.

“அத்தான், அந்தப் பழைய எட்டு நூலைக் குடுங்களேன். அதுதான் எனக்குக் கையில நிக்குது.”

மாஸ்டர் தீர்மானத்தைப் பாத்தார். கீழ எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. முதல் கையெழுத்து அவரோடது. “எப்படிடே குடுக்க? சரியான அளவு ஏழுன்னு இருக்கே. உன் கையிலதான் ஏதோ கோளாறு.”

அப்புறம் மாஸ்டரே உக்காந்து பாத்தார். அவருக்கும் கோளாறுதான்.

திருவிழா அன்னிக்கு செலஸ்டீன் வாசிச்சா. கடைசிச் சுரத்தை இழுத்தப்போ கடற்கரை முழுக்கக் கூட்டம் அசையாம நின்னுச்சு. எங்கேயோ ஒரு பொம்பளை மூக்கை உறிஞ்சினா. மாஸ்டர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, பக்கத்துல இருந்த தபேலாக்காரர் காதுல குனிஞ்சு சொன்னார்: “பாத்தீரா? எல்லாம் உருளையோட அளவுதான்.”

...

ம் காணோமே? சரி. கதை கரை சேந்தாச்சு, காலை நீட்டு, தூங்கு.