தடைப் பட்டியலில் ஒரு பெயர்

“டீச்சரம்மா, நெட் சரியா வரமாட்டேங்கு. இதவிடப் பெரிய ரவுட்டரா ஒண்ணு மாட்டணும்” என்றார் பொன்னுலிங்கம் அண்ணாச்சி.

பெனிலா ரவுட்டரைப் பார்த்தாள். பச்சை விளக்குகள் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தன.

“என்ன வரமாட்டேங்கு, அண்ணாச்சி?”

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்த தன் போனைத் தொட்டுப் பார்த்தார்.

தென்காசியில் அவருக்குக் கீழே துணிக்கடை, மாடியில் வீடு. வயது அறுபதைத் தொடப்போகிறது. பெனிலாவுக்கு அதில் பாதி. கடைகளுக்கெல்லாம் நெட் மாட்டித் தருகிறவள். சொல்லித்தராமல் எதையும் மாட்டமாட்டாள் என்பதால் ஊருக்கு டீச்சர் ஆகிவிட்டாள். அவளிடம் பாடம் கேட்கிறவர்களில் மூத்த மாணவர் அண்ணாச்சி. முரட்டு மாணவரும் அவர்தான்.

முதல் பாடம், பெயர் வைப்பது. ரவுட்டரில் வந்து சேர்கிற ஒவ்வொன்றுக்கும் நீங்களே ஒரு பெயர் வையுங்கள், பெயர் தெரியாததை உள்ளே விடாதீர்கள் என்று சொல்லியிருந்தாள். அண்ணாச்சி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பெயர்சூட்டு விழாவே நடத்தினார். பில் மெஷின். வாசல் கேமரா. மாடி டிவி. மகள் உலகம்மையின் போனுக்கு, வீட்டில் கூப்பிடுகிறபடியே, உலகு.

இரண்டாம் பாடம், தடுப்பது.

அது ஏழு மாதத்துக்கு முன். ஒரே ஒரு போன் மட்டும் நுழையக்கூடாது, அதற்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். எந்தப் போன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறாள்.

அந்த வாரம்தான் உலகம்மை மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு பக்கத்திலிருக்கிற மேலகரத்துக்குப் போனாள். இனி இந்தப் படி ஏறக்கூடாது என்றார் அண்ணாச்சி. சொன்னதைச் செய்கிற மனிதர் என்பதால் நெட்டிலும் ஏறவிடாமல் ஆக்கிவிட்டார்.

கோபம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. வீம்பு ஆறவில்லை. அவள் முதலில் கூப்பிடட்டும் என்று காத்திருந்தார். கடையில் யார் போன் அடித்தாலும் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். சாப்பிடும்போது போன் இலைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அது அடிக்கவில்லை. ஆகவே நெட் சரியில்லை.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். கூப்பிடத் தெரியாத அண்ணாச்சிக்கு ரவுட்டர் கோணல்.

சிக்னல் எட்டவில்லை என்றார் கடைசியில்.

“நல்லாவே எட்டுது, அண்ணாச்சி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூக்கடை வரைக்கும் எட்டுது.”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

பெனிலா லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். யார் வந்தார்கள், எவ்வளவு தள்ளி நின்றார்கள், யாரைச் சேர்த்தோம், யாரைத் திருப்பி அனுப்பினோம் என்று ரவுட்டர் எழுதி வைத்திருந்த பக்கம் அது. ஒரு மாதக் கணக்குதான் இருக்கும், அதற்கு முந்தியதெல்லாம் அழிந்துபோகும் என்றாள்.

திருப்பி அனுப்பியதில் ஒரே பெயர்தான் இருந்தது.

உலகு. வெள்ளிக்கிழமை, மாலை 6.32. அனுமதி இல்லை.

உலகு. வெள்ளிக்கிழமை, மாலை 6.31. அனுமதி இல்லை.

இப்படியே நாலு வெள்ளிக்கிழமை.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“போனுக்கு வீம்பு தெரியாது, அண்ணாச்சி. பழகின வீட்டுப் பக்கம் வந்தா அதுவாவே கதவத் தட்டும்.”

“ஆறரைக்கு நான் கடையிலதான நிக்கேன். ஒரு நாளும் பாக்கலியே.”

“எந்தப் பக்கம் பாத்து நிப்பிய?”

அண்ணாச்சி யோசித்தார்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு அவர் கடையில் விளக்கேற்றி சாம்பிராணி போடுவார். சாமி படங்கள் உள்சுவரில் இருக்கின்றன. தெருவுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்பார். இது தெருவுக்கே தெரியும். ஐந்து வயதிலிருந்து சாம்பிராணிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்த ஐந்து நிமிஷமும் ஆறு மாதமாகச் சாமியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

இந்தத் தடையை எடுப்பது எப்படி என்று கேட்டார். மூன்றாம் பாடம் அரை நிமிஷத்தில் முடிந்தது. பட்டியலிலிருந்து பெயரை அவரே ஒற்றை விரலால் அழுத்தி எடுத்தார்.

“இனி வருமா?”

“போன் வரும்.”

“பிள்ள?”

“அது ரவுட்டர் வேலை இல்ல, அண்ணாச்சி.”

அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். ஆறேகால் ஆகியிருந்தது. பெரிய ரவுட்டரைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை.

ஆறரைக்கு அண்ணாச்சி வழக்கம்போலக் கல்லாவுக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு விளக்கேற்றினார். கரண்டியில் சாம்பிராணியைத் தூவிப் படங்களுக்கு முன்னால் வைத்தார். கைகூப்பினார்.

பெனிலா லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பில் மெஷின், வாசல் கேமரா, மாடி டிவி. 6.32க்கு அதற்குக் கீழே ஒரு வரி புதிதாக வந்தது.

உலகு. இணைந்தது.

“அண்ணாச்சி, சேர்ந்துட்டு” என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

படங்களுக்கு முன்னால் புகை மட்டும் இருந்தது. கல்லாவுக்கு அடியில் செருப்பு அப்படியே கிடந்தது.