ஐஸ் பேக்டரியில் மூன்று ரவுண்டு

"மாசிலாமணியும் பெஞ்சமினும் மோதியிருந்தா யாரு ஜெயிச்சிருப்பாங்க, வாத்தியாரே?"

குத்துச்சண்டைக் கூடத்துக்குள் நுழைந்த துளசிங்கம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

சவரிமுத்து வாத்தியார் நிமிரவில்லை. கிழிந்துபோன பஞ்சிங் பேக் ஒன்றை மடியில் கிடத்தி, கோணூசியால் தைத்துக்கொண்டிருந்தார்.

"செருப்பக் கழட்டிட்டு வா."

கழற்றினார். உட்காரவில்லை. பக்கத்துப் பெஞ்சில் இரண்டு டீ கிளாஸ் இருந்தன. இரண்டிலும் அடி ஈரம் இன்னும் காயவில்லை.

"யாரு வந்துட்டுப் போனது?"

"ஏகாம்பரம்."

"அதானே பாத்தேன்," என்றார் துளசிங்கம்.

காசிமேட்டில் குத்துச்சண்டை பேசுகிறவர்களுக்கு அந்த இரண்டு பெயரும் அத்துப்படி. இருவரும் ஹெவி வெயிட். கல்மண்டபம் மாசிலாமணி அறுபதுகளின் ஆள். அவர் முதுகு தரையைத் தொட்டதே இல்லை. பீரங்கி பெஞ்சமின் எண்பதுகளில் வந்தவர். அவர் எதிரில் நின்றவர்களில் மூன்றாவது ரவுண்டைப் பார்த்தவர்கள் குறைவு. மாசிலாமணி க்ளவுஸைக் கழற்றி ஆணியில் மாட்டியபோது பெஞ்சமின் பள்ளிக்கூடத்தில் சிலேட்டு பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது இருவருமே உயிரோடு இல்லை.

துளசிங்கம் மாசிலாமணி கட்சி. ஏகாம்பரம் பெஞ்சமின் கட்சி. துறைமுகத்தில் இருவரும் ஒரே கிரேன் ஓட்டியவர்கள். ஒருவர் ஷிப்ட் முடித்து இறங்க, மற்றவர் ஏறுவார். இடையில் கிடைக்கிற அந்த ஐந்து நிமிஷத்தில் மாசிலாமணியும் பெஞ்சமினும் ஏணியடியில் மோதிக்கொள்வார்கள். முப்பத்தொரு வருஷம் இப்படியே போயிற்று. ஒருநாளும் பகையாகவில்லை.

துளசிங்கத்தின் மகள் சுகந்தியை ஏகாம்பரத்தின் மகன் தீனாவுக்குப் பேசி முடித்தபோதுதான் அது பகையானது.

நிச்சயதார்த்தத்தன்று, தாம்பூலத் தட்டை ஏகாம்பரம் கையில் தூக்கிய நேரம். யாரோ மாசிலாமணி பேச்சை எடுத்தார்கள். ஏகாம்பரம் தட்டைப் பிடித்தபடியே சிரித்துக்கொண்டு சொன்னார்: "மாசிலாமணியா? பெஞ்சமின்கிட்ட மூணு ரவுண்டு தாங்க மாட்டான்."

மாட்டான். 'ன்' போட்டுச் சொன்னார்.

துளசிங்கம் எழுந்தார். சொல்லுக்குச் சொல் ஏறியது. தட்டு கை மாறவில்லை. பந்தியில் இலை போட்டது போட்டபடி கிடந்தது.

அதற்குப் பிறகு இருபது நாள். துளசிங்கத்துக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஏகாம்பரம் வேண்டுமென்றேதான் சொன்னானோ? வேறு நல்ல இடம் வந்திருக்குமோ? அன்றைக்கு அவன் அக்கா அவன் காதில் ஏதோ சொன்னாளே, அது என்ன? மாசிலாமணி பேச்சை எடுத்தவன் யார், அவனை யார் எடுக்கச் சொன்னது?

நேற்று சுகந்தி கேட்டாள். "செத்துப்போன ரெண்டு பேரு சண்டைக்கு என் கல்யாணத்த ஏம்ப்பா நிறுத்துனீங்க?"

இதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

"ஏகாம்பரம் எதுக்கு வந்தான்?" என்றார் வாத்தியாரிடம்.

"நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான்."

"இன்னா சொன்னீங்க அவனுக்கு?"

"அது அவனுக்குச் சொன்னது."

துளசிங்கம் வாத்தியாரின் முகத்தையே பார்த்தார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இவரிடம் குத்துச்சண்டை கற்றுக்கொண்டவர் அவர். நாலு பந்தயம் ஆடி மூன்றில் தோற்றவர். அந்த முகம் அன்றைக்கும் எதையும் காட்டிக்கொடுத்ததில்லை.

"சரி, எனக்குச் சொல்லுங்க. மோதியிருந்தா?"

"மோதியிருந்தா இன்னாடா மோதியிருந்தா. மோதுனாங்க."

துளசிங்கம் உட்கார்ந்துவிட்டார்.

"எப்போ?"

"எழுபத்தெட்டு. பெஞ்சமினுக்கு இருபது வயசு, இன்னும் பேரெடுக்கல. மாசிலாமணிக்கு நாப்பத்திரெண்டு. ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம். இங்க ஒரு ஐஸ் பேக்டரி இருந்துச்சே, அதுக்குள்ள. கதவ உள்பக்கம் பூட்டிக்கினோம். அவங்க ரெண்டு பேரு, நடுவுல நானு. மூணு ரவுண்டு."

"இத்தினி வருஷம் ஏன் சொல்லல?"

"சொல்ல வேணாம்னு ரெண்டு பேரும் சொன்னாங்க."

"ஏன் வேணாம்னாங்க?"

வாத்தியார் நூலை இழுத்தார்.

"யாரு ஜெயிச்சது?"

"வெளிய சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. ஏகாம்பரத்துக்கிட்டயும் சொல்லக்கூடாது."

அவனிடம் சொல்லக்கூடாதென்றால் தெரிந்துகொண்டு என்ன பயன்? இதிலும் ஏதோ சூது இருப்பதாகப் பட்டது. ஆனாலும் கேட்காமல் எழுந்து போக முடியவில்லை.

"எம் பொண்ணு மேல சத்தியம்."

"பொண்ண விடு. மாசிலாமணி மேல பண்ணு."

கொஞ்சம் தயங்கிவிட்டுச் செய்தார்.

வாத்தியார் ஊசியைப் பையில் குத்தி நிறுத்தினார்.

"பெஞ்சமின்."

வெளியே மீன் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"பொய்," என்றார் துளசிங்கம்.

"சரி."

"நாப்பத்திரெண்டு வயசு. ரிங்க விட்டு எறங்கி எத்தினி வருஷம் ஆயிருக்கும்! அது ஒரு சண்டையா?"

"சரி."

"க்ளவுஸ் யாரோடது? பெஞ்சமினோடதா?"

"ஆமா."

"பாத்தீங்களா! கீழ வுழுந்தாரா? பத்து எண்ணுனது யாரு? நீங்களா? அப்புறமா பெஞ்சமினுக்கு ரிங் மூலைல நின்னு தண்ணி குடுத்ததும் நீங்கதானே? இப்பத்தான் ஏகாம்பரம் வந்து டீ சாப்ட்டுப் போயிருக்கான். ஒடனே நீங்க பெஞ்சமின்னு சொல்றீங்க. நான் இன்னா புள்ளப்பூச்சியா?"

குரல் உடைந்தது. அவருக்கே அது வெட்கமாக இருந்தது.

வாத்தியார் கந்தல் துணி ஒரு பிடி எடுத்துப் பைக்குள் திணித்தார்.

"சரி வுடு. மாசிலாமணிதான் ஜெயிச்சாரு."

துளசிங்கத்தின் தோள் இறங்கியது. இருபது நாளாக நெஞ்சுக்குள் முறுக்கிக்கொண்டிருந்த ஒன்று தானாகப் பிரிந்தது.

"அப்டிச் சொல்லுங்க! நாப்பத்திரெண்டு வயசுல! ரிங்க விட்டு எறங்கி அத்தினி வருஷம் கழிச்சு! அதுவும் அடுத்தவன் க்ளவுஸப் போட்டுக்கினு! நான் சொன்னா எவன் கேக்குறான்?"

வாத்தியார் இன்னொரு பிடி துணி எடுத்தார்.

"பத்து எண்ணுனது யாருன்னு இப்பக் கேக்கலியே," என்றார்.

துளசிங்கம் வாயைத் திறந்தார். மூடினார்.

பைக்குள் துணி போய் அமுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பிடி. இன்னொரு பிடி.

"வாத்தியாரே."

"ம்."

"ரெண்டுல எது நெசம்?"

"உனக்கு எது வேணும்?"

துளசிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரத்தின் அக்கா நினைவுக்கு வந்தாள். அன்றைக்கு அவள் குனிந்து காதில் சொன்னது, இலை போடலாமா என்பதாகக்கூட இருந்திருக்கலாம். இலை போடுவதைப் பற்றித்தான் அவள் காலையிலிருந்தே எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"டீ சாப்ட்டுப் போ."

"இல்ல வாத்தியாரே. வரேன்."

வெயில் உச்சியில் நின்றது. வீட்டுக்குப் போகிற பஸ் வந்தது. ஏறவில்லை. ஏகாம்பரம் வீட்டுப் பக்கம் நடந்தார். நடக்கும்போதே திரும்பிப் போய்விடலாமா என்று மூன்று தடவை நினைத்தார். கதவைத் திறக்காமலே விட்டுவிட்டால்? அவன் மனைவி எட்டிப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

ஏகாம்பரம்தான் கதவைத் திறந்தார். பனியன், லுங்கி. சவரம் செய்து நாலு நாளாகியிருக்கும். வா என்று சொல்லவில்லை. கதவை முழுதாகத் திறக்கவுமில்லை.

"வாத்தியார்கிட்டருந்து வரியா?" என்றார்.

"ஆமா."

"இன்னா சொன்னாரு?"

"சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணிக்கீறேன்."

"நானும்தான்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பத்தொரு வருஷத்தில் எதிரெதிரே நின்றும் மாசிலாமணி, பெஞ்சமின் பேச்சை எடுக்க முடியாமல் போனது இதுதான் முதல் தடவை. இருவருக்கும் சொல்ல ஒரு பெயர் இருந்தது. சொல்ல வழியில்லை.

ஏகாம்பரம் கதவின் நாதாங்கியைத் தடவிக்கொண்டே மெல்லக் கேட்டார்.

"ஒரு பேரு சொன்னாரா? ரெண்டு பேரு சொன்னாரா?"

துளசிங்கம் யோசித்தார். இதைச் சொன்னால் சத்தியம் உடையுமா என்று யோசித்தார். உடையாது என்று தோன்றியது.

"ரெண்டு."

ஏகாம்பரத்தின் உதடு ஓரமாகக் கோணியது. அது சிரிப்பா இல்லையா என்று துளசிங்கத்துக்குத் தெரியவில்லை.

"மொதல்ல சொன்ன பேரக் கேட்டதும் நீ இன்னா சொன்ன?"

"பொய்யின்னேன்."

"ரெண்டாவதுக்கு?"

துளசிங்கம் வேறு பக்கம் பார்த்தார்.

ஏகாம்பரமும் அதற்கு மேல் கேட்கவில்லை. கதவில் இருந்த கையை எடுத்தார்.

உள்ளே அடுப்படியிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். "யாருங்க வாசல்ல, இவ்ளோ நேரமா?"

ஏகாம்பரம் திரும்பாமலே சொன்னார்.

"சம்பந்தி."