பாற்கடல் காப்பி கிளப்

வெள்ளியாற்றூர் ராஜா மார்த்தாண்ட பூபதிக்குச் சண்டை போட எதிரி இல்லை. எதிரி இருந்தாலும் வெள்ளைக்காரன் சண்டை போட விடமாட்டான். அதனால் அவர் கட்டடம் கட்டினார். கடைசியாகக் கட்டியது அலுவல் பார்க்க மூன்று மாடிக் கச்சேரி. சமஸ்தானத்துக் குமாஸ்தாக்கள் அத்தனை பேருக்கும் அதில் இடம் போட்டார். ஆனால் காலையில் பார்வையிட வந்தால் நாற்காலிகள் மட்டும்தான் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். ஆட்கள் தெருவில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

"கச்சேரிக்குள்ளேயே ஒரு காப்பி கிளப் போட்டுவிடும்" என்று மராமத்து அதிகாரி ஜெகவீரப்பாவுக்கு உத்தரவானது.

ஒரு அடுப்பு, ஒரு அண்டா, நாலு பெஞ்சு. அதோடு முடிந்திருக்க வேண்டிய காரியம். ஆனால் ஜெகவீரப்பா கல்கத்தா போய் வந்தவர். அங்கே பெரிய ஹோட்டல் ஒன்றின் வாசலைப் பார்த்திருக்கிறார். உள்ளே போனதாகத் தகவல் இல்லை.

"மகாராஜா, வெறும் காப்பி ஊற்றினால் அது கடை. ஒரு கருப்பொருள் இருந்தால்தான் கிளப். நான் திருப்பாற்கடலையே கொண்டுவந்து இறக்குகிறேன். காப்பிதான் அமுதம்" என்றார். ராஜாவுக்குப் புல்லரித்துவிட்டது.

ராஜாவோடு பேசிக்கொண்டிருப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர் ஆவுடையப்பன். கிளப் வேலை முடிந்ததும் அவர் போய்ப் பார்த்தார். சுவரெல்லாம் நீல அலை. நடுவில் சுண்ணாம்புச் சாந்தில் மந்தர மலை. பார்வைக்குக் கவிழ்த்த சோற்றுப்பானை. அதன் அடியில் காப்பிக் குழாய். மலையைச் சுற்றிக் கூடத்தின் குறுக்கே வாசுகிப் பாம்பு நீண்டு கிடந்தது. அதன் முகத்தில் பல்வலி தெரிந்தது.

வால் பக்கம் மெத்தை நாற்காலிகள். அது தேவர் வரிசை, அதிகாரிகளுக்கு. தலைப் பக்கம் கட்டைப் பெஞ்சுகள். பின்சுவரில் உட்காருகிறவன் தலைக்கு மேலே சரியாக வருகிற மாதிரி கொம்புகள் வரைந்திருந்தார்கள். அது அசுரர் வரிசை, குமாஸ்தாக்களுக்கு.

"எல்லாருக்கும் ஒரே காப்பிதானே?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"கதையில் அசுரனுக்கு அமுதம் கிடைத்ததா?" என்றார் ஜெகவீரப்பா. "முதல் டிகாக்ஷன் தேவர்களுக்கு. மிஞ்சின சக்கையில் வெந்நீர் ஊற்றி இவர்களுக்கு. இனி ஒருத்தரும் தெருவுக்குப் போகக் கூடாதென்று உத்தரவும் வாங்கிவிட்டேன்."

படியில் நகல் குமாஸ்தா பிச்சாண்டி நின்றிருந்தார். "ஐயா, நேற்று என் பையனைக் கூட்டிவந்து கட்டடத்தைக் காட்டினேன். நீ எங்கேப்பா உட்காருவே என்று கேட்டான். அந்தக் கொம்பைக் காட்ட எனக்குக் கை வரவில்லை" என்றார்.

ஆவுடையப்பன் ஒரு முறை திரும்பிக் கொம்புகளைப் பார்த்தார். கோபம் வந்தது.

திறப்பு விழாவன்று ராஜா நடுவில் தாமரை ஆசனத்தில் அமர்ந்தார். அதிகாரிகள் மெத்தைகளில் சாய்ந்தார்கள். ஜெகவீரப்பா ஆவுடையப்பனைப் பார்த்து, "உமக்குத் தலைப் பக்கம்தான் சரி. வாய் இருக்கிற பக்கமல்லவா" என்றார். மெத்தைகள் சிரித்தன.

ஆவுடையப்பன் போய்ப் பிச்சாண்டி பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு ஜெகவீரப்பாவிடம் கேட்டார்: "ஒரு சந்தேகம். இதெல்லாம் புராணமா, இல்லை, பாதி உம்முடைய சொந்தச் சரக்கா?"

"ஒரு எழுத்துகூட என்னுடையதில்லை. எல்லாம் புராணப்படி."

ராஜாவுக்கு உற்சாகம் பிறந்தது. "அப்படியே நடக்கட்டும். இந்தக் கூடத்தில் புராணத்தை மீறுகிறவனுக்கு உத்தியோகம் இல்லை" என்றார்.

ஜெகவீரப்பா குழாயைத் திருகி, வெள்ளி டம்ளரில் பிடித்து, குனிந்து ராஜாவிடம் நீட்டினார். ஆவுடையப்பன் விறுவிறுவென்று வந்து டம்ளரைக் கையால் மூடினார்.

"மகாராஜா சமுகம் இதைக் குடிக்கக் கூடாது."

"ஏன் ஓய்?"

"பாற்கடலைக் கடைந்தார்களே, முதலில் அமுதமா வந்தது?"

ராஜா யோசித்தார். "முதலில் வந்தது ஆலகால விஷம்."

"குழாயிலிருந்து முதலில் வந்தது இந்த டம்ளரில் இருக்கிறது."

"விஷமாவது, மண்ணாவது. இது நல்ல காப்பி மகாராஜா" என்றார் ஜெகவீரப்பா.

"நல்ல காப்பியென்றால் புராணத்தை மீறிவிட்டீர், உத்தியோகம் போகும். மீறவில்லையென்றால் ராஜாவுக்கு விஷத்தை நீட்டியிருக்கிறீர்; அதற்கு என்ன போகுமென்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டில் எது?"

ஜெகவீரப்பா மலையைப் பார்த்தார், பாம்பைப் பார்த்தார். ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"காப்பிதான் மகாராஜா" என்றார் கடைசியில். "வெறும் காப்பி."

"வெறும் காப்பிக்கு எதற்கு ஐயா தேவரும் அசுரரும்?" என்றார் ஆவுடையப்பன். "குடிக்கிறவன் ஒருத்தன், ஊற்றுகிறவன் ஒருத்தன். அவ்வளவுதான்."

ராஜா அப்போதுதான் தலைப் பக்கம் திரும்பினார். பிச்சாண்டியின் நரைத்த தலைக்கு மேலே இரண்டு கொம்புகள் முளைத்திருந்தன. ராஜா சிரிக்கவில்லை.

"சுவருக்கு வெள்ளையடியுங்கள். பாம்பை இடியுங்கள். எல்லாருக்கும் ஒரே நாற்காலி, ஒரே டிகாக்ஷன். ஜெகவீரப்பாவின் உத்தியோகம் இருக்கட்டும். ஆனால் இந்த வருஷம் முழுக்க இங்கே காப்பி ஊற்றுவது அவர்தான்."

பிறகு தோளிலிருந்த சால்வையை எடுத்து ஆவுடையப்பனுக்குப் போர்த்தி, வெள்ளி டம்ளரையும் அவர் கையிலேயே கொடுத்தார். "வெறும் காப்பியென்று தெரிந்துபோயிற்றே, முதல் வாய் நீரே குடியும்."

ஆவுடையப்பன் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. மெதுவாக விழுங்கி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஜெகவீரப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மகாராஜா, இவர்மேல் வீண் பழி போட்டுவிட்டேன். புராணத்தை இவர் மீறவே இல்லை."