டேம்பர் புல்லி இருந்த இடம்

மலை அடிவாரத்து ஆசிரமத்தில் ஒரு லாரி இருந்தது. யுத்த காலத்து லாரி. பொன்னுரங்கம் அதை ஓட்டினார். முப்பது வருஷம் அதை ஓட்டிப் பிழைத்துவிட்டு, அறுபது வயதில் லாரியோடு வந்து ஆசிரமத்தில் சேர்ந்து மொட்டை போட்டுக்கொண்டவர் அவர்.

அவருடைய குருவுக்கு நாற்பது வயதுதான். நல்லம்மை என்று பேர். ஊரே அம்மா என்று கூப்பிடும். பொன்னுரங்கமும் அம்மா என்பார். அம்மா அவரை ஐயா என்பார்.

திங்கள்கிழமை ஆனால் லாரி மலைக்குப் போகும். மேலே இருக்கிற ஊருக்கு பஸ் கிடையாது. போகும்போது அரிசியும் பருப்பும் போகும். வரும்போது கைக்குழந்தைக்காரிகளும் நோயாளிகளும் வருவார்கள். ஆஸ்பத்திரியில் காட்டி, ஊசி போட்டு, பொழுதோடு திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

மழை தொடங்கின நேரம் பார்த்து லாரி உதற ஆரம்பித்தது. குளிர்க்காய்ச்சல் கண்ட ஆள் போல உதறியது. பொன்னுரங்கம் முன்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன ஐயா?"

"டேம்பர் புல்லி போயிடுச்சு அம்மா. என்ஜினுக்கு முன்னால சுத்துமே, ஒரு இரும்பு வட்டு. உள்ளே ஒரு இரும்பு, வெளியே ஒரு வளையம், நடுவுல ரப்பர். என்ஜின் உதர்றதை எல்லாம் அந்த ரப்பர் வாங்கிக்கும். இப்ப ரப்பர் பொடிப்பொடியா கொட்டிடுச்சு."

"அது வாங்கிக்காட்டி?"

"என்ஜினுக்குள்ள சுத்துற கிராங்க் தண்டு உடைஞ்சிடும். ஏத்தத்துல அது உடைஞ்சா, பின்னாடி உக்காந்திருக்கிற பிள்ளைக்காரிங்களை நினைச்சுப் பாருங்க. வேற புல்லி போடாம வண்டியை எடுக்க மாட்டேன்."

"பழசு எங்கே?"

"இப்பத்தான் வாசல்ல பழைய இரும்புக்காரன் வந்தான். போட்டுட்டேன்." பொன்னுரங்கத்தின் முகத்தில் கொஞ்சம் பெருமை. "உதவாததைக் கட்டிக்கிட்டு இருக்கிறதும் ஆசைதானே அம்மா? துறவின்னா அப்பவே தூக்கிப் போட்டுடணும். சரிதானே?"

அம்மா ஒரு முற்றின தண்டை ஒடித்து ஓரமாக வைத்தார்.

"வேற தேடுங்க ஐயா" என்றார்.

பொன்னுரங்கம் டவுனுக்குப் போனார். சாமான் கடைக்காரர் முதலில் நம்பவில்லை.

"அந்த லாரிக்கா? அது இன்னும் ஓடுதா சாமி?"

"புல்லி கிடைச்சா ஓடும்."

கடைக்காரர் பரண் ஏறித் தேடி, காகிதம் சுற்றின ஒன்றை எடுத்து வந்தார். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவர் சொன்ன விலைக்கு, ஆசிரமம் மழைக்காலம் முடியும்வரை அரிசி வாங்கலாம். பொன்னுரங்கம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்து லேத்துப் பட்டறை.

"ரப்பர் எதுக்கு? ஒரே கட்டியா கடைஞ்சு தரேன். சல்லிசா முடியும்" என்றான் பட்டறைக்காரன்.

"மலை ஏறுமா?"

"ஏறும். இறங்குமான்னு என்னைக் கேக்காதீங்க."

கடைசியில் ஒருத்தர் மஸ்தான் பாயிடம் அனுப்பினார். ரப்பர் வேலைக்காரர். விஷயத்தைக் கேட்டதும் மஸ்தான் பாய் தலையாட்டினார்.

"இதுக்கா அலையறீங்க? இரும்பு என்னைக்கும் கெடாது. நடுவுல புது ரப்பர் வச்சு வேகவச்சா முடிஞ்சுது. கூலி மட்டும் கொடுங்க. எங்கே பழசு?"

"பழசு இல்லையே பாய்."

"இல்லையா?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"அப்ப ரப்பரை எதுல ஒட்டறது? உங்க மொட்டையிலயா?"

பட்டறையே சிரித்தது. பொன்னுரங்கமும் சிரித்தார். பஸ்ஸில் திரும்பும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நடந்ததை அம்மாவிடம் சொன்னார்.

"இரும்புக்காரன் வீடு தெரியுமா?" என்றார் அம்மா.

"ஏரிக்கரையில."

"போய்க் கேளுங்க."

ஏரிக்கரையில் நாலு மூங்கிலை நட்டு, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடின வீடு. இரும்புக்காரன் வியாபாரத்துக்குப் போயிருந்தான். அவன் மனைவி பூங்காவனம் இருந்தாள். உள்ளே புடவைத் தூளியில் குழந்தை தூங்கியது.

பொன்னுரங்கம் கேட்பதற்கு முன்பே பார்த்துவிட்டார். காற்று வருகிற பக்கம் தார்ப்பாயின் முனையில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றில் டேம்பர் புல்லியைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள்.

"இது நான் போட்டதும்மா" என்றார்.

"தெரியும் சாமி. எங்க வீட்டுக்காரரு எடைக்குப் போடறேன்னாரு. நான்தான் கொடுக்கல. சொல்லிவச்சாப்ல நடுவுல ஓட்டை. கயிறு வழுக்காம நிக்குது."

"இது இப்ப வேணுமே. மலைக்குப் போற வண்டியோடது. உன் வீட்டுக்காரர் கொடுத்ததுக்கு மேலயே துட்டு தரேன்."

பூங்காவனம் தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தாள்.

"துட்டு கூரை மேல குந்துமா சாமி?"

"கல்லு ஏதாவது கட்டலாமே?"

"ஏரி மண்ணுல கல்லு ஏது? சாக்குல மண்ணைப் போட்டுக் கட்டிப் பாத்தேன். சாக்கு இத்துப்போச்சு. முளை அடிச்சேன். ஈரத்துல புடுங்கிக்கிச்சு." கயிற்றை விட்டு நகர்ந்து அவருக்கு வழிவிட்டாள். "உங்க பொருளு. வேணாம்னு சொல்ல நான் யாரு? அவுத்துக்குங்க. அது இருந்த இடத்துல என்னா வப்பீங்க?"

பொன்னுரங்கம் முடிச்சை அவிழ்த்தார். புல்லி கைக்கு வந்ததும் தார்ப்பாய் தூக்கி அடித்தது. சாரல் நேராகத் தூளியில் விழுந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. பூங்காவனம் ஓடிப்போய்த் தன் முதுகைக் காட்டிக் குழந்தையை மறைத்துக்கொண்டாள்.

பொன்னுரங்கம் மறுபடியும் அதைக் கட்டினார். இழுத்துப் பார்த்து, இன்னொரு முடிச்சும் போட்டார். வெறுங்கையோடு திரும்பினார்.

"கிடைச்சுதா?" என்றார் அம்மா.

"கிடைச்சுது. எடுக்க முடியல."

"ஏன்?"

"குழந்தை அழுதுச்சு."

"மலையில?"

"அங்கேயும் அழும்." பொன்னுரங்கம் தரையில் உட்கார்ந்தார். "எந்தக் குழந்தையை அழ விடறது அம்மா? நீங்களே சொல்லுங்க. எனக்கு விளங்கல."

மறுநாள் விடிந்ததும் அம்மா கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "வாங்க ஐயா" என்றார். இரண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போனார்கள்.

அம்மா கயிற்றை அவிழ்த்து, புல்லியைப் பொன்னுரங்கத்தின் கையில் கொடுத்தார். கயிற்று நுனியைத் தன் கையில் ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அந்த இடத்திலேயே, தார்ப்பாய்க்கு அடியில் சேற்றில் உட்கார்ந்தார்.

பூங்காவனம் பதறிப்போனாள். "ஐயையோ, நீங்க போயி இதுல குந்தறதா?"

"கனம் போதுமான்னு பாரு தாயி."

பூங்காவனம் தார்ப்பாயைப் பார்த்தாள். அம்மாவின் மெலிந்த தோளைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னும் நாலு கவளம் சேத்துத் துன்னணும் சாமி நீங்க."

"அப்ப உன் பிள்ளையையும் கொடு. சரியாப் போகும்."

குழந்தை அம்மாவின் மடிக்கு வந்தது. பொன்னுரங்கம் புல்லியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

"மஸ்தான் பாய் காத்திருப்பார்" என்றார் அம்மா.

ரப்பர் வேக நேரம் ஆகும் என்றார் மஸ்தான் பாய். டீ வாங்கிக் கொடுத்தார். பொன்னுரங்கம் டீயைக் கையில் வைத்துக்கொண்டே பட்டறைக்குப் பின்னால் கிடந்த குப்பையைக் கிளறினார்.

"என்னத்தைத் தேடறீங்க?"

"கனமா, நடுவுல ஓட்டையோட எதாச்சும் ஒண்ணு."

"அதைத்தானே உள்ளே வேக வச்சிருக்கேன்!"

"அது வண்டிக்கு பாய். இது, அது இருந்த இடத்துக்கு."

மஸ்தான் பாய்க்குப் புரியவில்லை. ஆனாலும் கூட வந்து கிளறினார். விரிசல் விட்ட ஒரு பிரேக் டிரம் கிடைத்தது. இதை வைத்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பொழுது சாய்கிற நேரம் பொன்னுரங்கம் வந்து சேர்ந்தார். ஒரு தோளில் புல்லி. இன்னொரு தோளில் டிரம். மழை வலுத்திருந்தது. அம்மா அதே இடத்தில் இருந்தார். குழந்தை மடியில் தூங்கியது. பூங்காவனம் உள்ளே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

பொன்னுரங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"கிடைச்சிடுச்சு அம்மா! புதுசு மாதிரி ஆக்கிட்டார். இருட்டறதுக்குள்ள மாட்டிட்டா விடிஞ்சதும் மலைக்குப் போயிடலாம். அங்கே வழி பாத்துக்கிட்டு இருப்பாங்க."

டிரம்மைச் சேற்றில் இறக்கினார். அப்போதுதான் அம்மாவின் கை கண்ணில் பட்டது. கயிறு அறுத்து, விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"ஐயோ, கையைப் பாருங்க! போதும் அம்மா, எழுந்திரிங்க. அதான் வேற கொண்டாந்துட்டேனே."

அம்மா அசையவில்லை. குழந்தை முழித்துவிடாதபடி மெதுவாகச் சொன்னார்.

"முதல்ல அதைக் கட்டுங்க ஐயா. அப்புறம் நான் கையை எடுக்கிறேன்."