உப்பளத்துப் பேச்சியும் இங்கிலீஷ் வகுப்பும்

ஒரு ஊர்ல ஒரு பேச்சி இருந்தா. ஒம்பது வயசுப் பிள்ளை. நீ "ம்" சொல்லிக்கிட்டே வரணும் மக்கா. நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன்.

ம். அப்படித்தான்.

அது கடல்கரை ஊரு. எங்க பாத்தாலும் உப்பளம். வெள்ளை வெளேர்னு உப்பு அம்பாரம் அம்பாரமாக் கெடக்கும். பேச்சியோட அம்மா இசக்கியம்மாளும் அப்பா முனியசாமியும் அங்கதான் வேலை. விடியுமுன்ன போயிருவாவ. வீட்டுல பேச்சி பேசுற பேச்சு இருக்கே, லொட லொட லொடன்னு, கோழிக்குஞ்சக்கூட விட்டுவைக்க மாட்டா. உக்கார வச்சு அதுக்கும் ஒரு கதை சொல்லுவா.

அப்போ அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல நாலாங்கிளாசுக்கு இங்கிலீஷ் வகுப்புன்னு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாவ. எல்லாப் பாடமும் இங்கிலீஷ்ல. இசக்கியம்மா மொத ஆளாப் போயி மகளச் சேத்துவிட்டா. நம்மதான் வெயில்ல காயுதோம், இவளாவது நெழல்ல உக்காந்து வேலை பாக்கட்டும்னு அவளுக்கு நெனப்பு.

வகுப்புக்கு வந்த டீச்சர் பேரு அமலோற்பவம். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, நல்ல மனசுதான். ஆனா பயந்த மனசு. ஏன்னா, அரைப்பரீட்சைக்கு முன்ன ஆபீசர் வருவாரு, அதுக்குள்ள பிள்ளைக இங்கிலீஷ் பேசலைன்னா வகுப்ப மூடிருவாவன்னு பெரிய டீச்சர் கூப்ட்டுச் சொல்லிட்டாவ. மூடுனா முப்பது பிள்ளைகளும் பழைய வகுப்புக்கே திரும்பணும்.

அப்புறம் அமலோற்பவம் டீச்சர் என்ன செஞ்சாவ? மொதல்ல படம் வாங்கிட்டு வந்து செவுத்துல ஒட்டுனாவ. ஆப்பிள், கப்பல், கரடி. பிள்ளைக "ஆப்பிள், ஆப்பிள்"னு ஓட்டுக்கூரை அதிரக் கத்துச்சுக. ஆனா "நேத்து என்ன செஞ்சே?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டா, கப்சிப். "அண்டர்ஸ்டாண்ட்?"னு கேட்டா மட்டும் மொத்தமா "யெஸ் மிஸ்." புரிஞ்சாலும் யெஸ் மிஸ், புரியலைன்னாலும் யெஸ் மிஸ்.

அது சரிப்படலை. அப்போ ரெண்டாவதா ஒரு சட்டம் போட்டாவ. வாசப்படிக்கு உள்ள வந்துட்டா தமிழ் கெடையாது. பேசுனா போர்டுல பேரு. மொத நாளு பதினாலு பேரு. மறுநாளு அஞ்சு பேரு. மூணாம் நாளு போர்டு சுத்தமா இருந்துச்சு. டீச்சருக்குச் சந்தோசம். ஆனா நீயே சொல்லு, பிள்ளைக தமிழ நிறுத்திட்டுதுக, இங்கிலீஷ் வந்துச்சா? வரலை. ரெண்டும் இல்லாம சும்மா உக்காந்திருந்துச்சுக. பேச்சி சன்னலோரத்துல உக்காந்து வெளிய பாத்துக்கிட்டே இருப்பா. டீச்சர் கேள்வி கேட்டு, ஒரு மூச்சு விடுற நேரம் பாப்பாவ, அப்புறம் "நெக்ஸ்ட்"னு அடுத்த பிள்ளைகிட்டப் போயிருவாவ. இவ மந்தம்னு அவுகளே முடிவு பண்ணிட்டாவ.

ம்? முழிச்சிருக்கியா? சரி.

ஒரு நாளு காலையில தண்ணி லாரி வந்து, பள்ளிக்கூடத்துத் தொட்டியில தண்ணி விட்டுட்டுப் போச்சு. தரையில தோண்டுன தொட்டி. லாரிக்காரன் மூடிய அரைகொறையா மூடிட்டுப் போயிட்டான். பேச்சி சன்னல் வழியாப் பாக்கா, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை ஜெனிட்டா, குட்டிப் பிள்ளை, தொட்டி மூடி மேல ஏறி உள்ள எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கி.

பேச்சி சடக்குன்னு எந்திரிச்சா. "மிஸ்"ன்னா.

டீச்சரு இங்கிலீஷ்ல சொல்லுன்னாவ.

அவ வாயத் தொறந்தா. மூடுனா. மறுபடியும் தொறந்தா. "மிஸ்... வாட்டர்..." அம்புட்டுத்தான் வந்துச்சு.

டீச்சருக்கு ஒரே சந்தோசம். "வெரி குட். கோ அண்ட் டிரிங்க்"ன்னாவ.

பேச்சி ஓடுனா. தட தட தடன்னு ஓடுனா. அவ போயிச் சேருமுன்ன தொபுக்கடீர்னு சத்தம்.

என்ன கேக்கே? செத்துப்போச்சான்னா? இல்ல, இரு, சொல்லுதேன். பேச்சி தொட்டி ஓரத்துல குப்புறப் படுத்து, கைய உள்ள விட்டுத் தொளாவுனா. சட்டைக் காலரு கையில சிக்குச்சு. புடிச்சுக்கிட்டா. தூக்கத்தான் பெலம் இல்ல. அப்போ அவ போட்டா பாரு ஒரு சத்தம், தமிழ்ல, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டுச்சு. சத்துணவு ஆக்குற அம்மா கரண்டியப் போட்டுட்டு ஓடியாந்து, ரெண்டு பேரயும் சேத்து வெளிய இழுத்துட்டா. ஜெனிட்டா கொப்புளிச்சுக் கொப்புளிச்சுத் தண்ணியக் கக்குனா. அப்புறம் வீல்னு அழுதா. அழுத பொறவுதான் எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு.

டீச்சர் பேச்சியோட கையப் பாத்தாவ. சிமெண்டுல உரசி முழங்கை ரெண்டும் ரத்தம். அவுக கேட்டாவ, "எங்கிட்ட ஏன்ளா சொல்லல?"

பேச்சி முழங்கையப் பாவாடையில தொடச்சுக்கிட்டே சொன்னா, "சொல்லத்தான் வந்தேன் மிஸ். விழப்போறான்னு சொல்லுறதுக்கு இங்கிலீஷ் தெரியல."

டீச்சர் அங்கனயே தொட்டி பக்கத்துல தரையில உக்காந்துட்டாவ. மத்தியானம் கொண்டாந்த சோத்துப் போணியத் தொறக்கவே இல்ல. அந்தப் பிள்ளை மந்தம்னு நெனச்சோமே, நம்ம போட்ட சட்டம்லா அவ வாயக் கட்டி வச்சிருக்குன்னு நெனச்சு நெனச்சு ஆத்த மாட்டாம இருந்தாவ. அப்புறம் வகுப்புக்குப் போயி, போர்டுல எழுதி வச்சிருந்த சட்டத்த ஈரத்துணி போட்டு அழிச்சுட்டு, தப்பு எம்மேலதான்னு பிள்ளைககிட்டத் தமிழ்ல சொன்னாவ. பிள்ளைக நம்பலை. ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டுதுக.

சாயங்காலம் இசக்கியம்மா வந்து நின்னா. காலெல்லாம் உப்புத் தண்ணி பட்டு வெடிச்சிருக்கு. எம்பிள்ளையப் பழைய வகுப்புக்கே மாத்திருங்கன்னு சொன்னா. வீட்டுலயும் இப்பப் பேச்சக் கொறச்சுட்டாளாம், ராத்திரி தூக்கத்துல பயந்து பயந்து எந்திரிக்காளாம்.

டீச்சர் அரைப்பரீட்சை வரைக்கும் தவணை கேட்டாவ. அப்புறம் ஒரு வேலையும் குடுத்தாவ. தெனம் சாயங்காலம் பேச்சி வகுப்புல என்ன படிச்சான்னு கேளுங்கன்னாவ.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே மிஸ்."

"தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. அவளுக்கு வெளங்கியிருந்தாத்தான சொல்லுவா."

பெரிய டீச்சருக்குக் கோவம். தமிழ உள்ள விட்டா இங்கிலீஷ் வகுப்பு எதுக்குன்னு கேட்டாவ. அமலோற்பவம் டீச்சருக்கு அது வரைக்கும் அவுகள எதுத்துப் பேசிப் பழக்கம் இல்ல. அன்னைக்குப் பேசுனாவ. ஆபீசரு வரட்டும், தப்புன்னா நானே வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போயிருதேன்னாவ.

அப்புறம் மூணாவது வழி. ம் சொல்லு.

எதுவா இருந்தாலும் மொதல்ல தமிழ்ல சொல்லணும். அப்புறம் வகுப்பே சேந்து அதுக்கு இங்கிலீஷ் தேடணும். கெடைக்காத வார்த்தைய அப்படியே தமிழ்ல விட்டுறலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்துல ஒரு கூட்டாளி. பேச்சிக்கு ஜெபமலர். அவ அப்பா துறைமுகத்துல வேலை, அதனால அவளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். தெரியாதத மெதுவாக் காதுல கேட்டுக்கிடலாம், அது காப்பி அடிக்கிறது இல்லன்னு டீச்சரு சொல்லிட்டாவ. ஆப்பிளையும் கரடியவும் கிழிச்சுட்டு, பிள்ளைக வீட்டுல இருக்குற பொருளாப் பாத்து எழுதி ஒட்டுனாவ. மம்பட்டி, கூடை, சைக்கிள், தண்ணிக் கொடம்.

அப்புறம் டீச்சர் தனக்கும் ஒரு வேலை வச்சுக்கிட்டாவ. கேள்வி கேட்டுட்டு, கைய முதுகுக்குப் பின்னால கட்டி, வெரல மடக்கி மடக்கிப் பத்து வரைக்கும் எண்ணுவாவ. அது வரைக்கும் "நெக்ஸ்ட்" சொல்லப்படாது. பத்து எண்ணுறது சின்ன விசயம்னு நெனைக்காத. எல்லாரும் சும்மா இருக்கும்போது பத்து எண்ணிப் பாரு, பெருசு பெருசா இருக்கும்.

அப்பவும் பேச்சி பேசலை. ஒரு மாசம் ஆச்சு. ரெண்டு மாசம் ஆச்சு. தமிழ்ல சொல்லுவா, படம் போட்டுக் காட்டுவா, தலைய ஆட்டுவா. இங்கிலீஷ் மட்டும் வாயில வரலை. டீச்சரு புடிச்சு இழுக்கலை. கேட்டுக்கிட்டு இருக்கா, கேக்கட்டும்னு விட்டுட்டாவ. ஆனா உள்ளுக்குள்ள பயம் போகலை. ஆபீசர் வர்ற நாளு கிட்டக் கிட்ட வருதே.

அப்போ ஒரு நாளு டீச்சர் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும்போது, சன்னலோரத்துல இருந்து மெல்ல ஒரு சத்தம்.

"மிஸ், சாக் ஃபினிஷ்."

டீச்சர் கையப் பாத்தாவ. சாக்பீசு தேஞ்சு நகத்தளவு கெடக்கு. அது தப்பு இதுன்னு ஒண்ணும் சொல்லலை. "ஓ, த சாக் இஸ் ஃபினிஷ்ட். தேங்க் யூ, பேச்சி"ன்னு சரியா ஒரு தரம் சொல்லிட்டு, புது சாக்பீசு எடுக்கப் போனாவ. பெட்டியில தேடுற மாதிரி ரொம்ப நேரம் குனிஞ்சே நின்னாவ.

அப்புறம் ஆபீசர் வந்தாரு. டக் டக் டக்னு பூட்சு சத்தம். பின்னாலயே பெரிய டீச்சர், மொகத்துல ஈயாடலை. ஆபீசரு செவுத்தப் பாத்தாரு, பிள்ளைகளப் பாத்தாரு, பேனாவத் தொறந்தாரு. நேரா சன்னலோரத்துக்கு வந்து, பேச்சிகிட்ட இங்கிலீஷ்ல கேட்டாரு, உங்கப்பா என்ன வேலை பாக்காருன்னு.

பேச்சி எந்திரிச்சா. வாயத் தொறந்தா. வரலை.

டீச்சரு முதுகுக்குப் பின்னால வெரல மடக்குனாவ. ஒண்ணு, ரெண்டு, மூணு. அவுகளுக்கு ஒதடு துடிக்கி, எடுத்துக் குடுக்கணும்னு. குடுக்கலை. ஆபீசரு ரெண்டு நொடி பாத்துட்டு, தாள்ல பேனாவ வச்சாரு.

"சார், ப்ளீஸ் வெயிட்"ன்னா பேச்சி.

பெரிய டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆபீசரு பேனாவ எடுத்தாரு. அவ கண்ணப் பாத்தாரு. சரின்னு கையக் கட்டிக்கிட்டு நின்னாரு.

பேச்சி ஜெபமலர் பக்கம் குனிஞ்சு, "ஏட்டி, பாத்திக்கு என்ன?"ன்னு கேட்டா. தெரியல, அப்படியே சொல்லுன்னா அவ. அப்புறம் பேச்சி நிமுந்தா. ஒவ்வொண்ணா, கல்லப் பாத்துக் காலு வச்சு வாய்க்கால் தாண்டுற மாதிரிச் சொன்னா.

"மை ஃபாதர் மேக் சால்ட். சீ வாட்டர் கம். இன் பாத்தி. சன் வெரி ஹாட். வாட்டர் கோ. சால்ட் ஸ்டே."

ஆபீசரு இன்னும் கிட்ட வந்தாரு.

"வாட் இஸ் பாத்தி?"ன்னு கேட்டாரு ஆபீசரு. அவரு மலைக்காட்டுக்காரரு, உப்பளத்தக் கிட்டப் போயிப் பாத்ததே இல்லையாம். அவ்வளவுதான். முப்பது பிள்ளைகளும் எந்திரிச்சுட்டுதுக. ஒண்ணு "ஸ்குவேர் சார்"ங்குது, ஒண்ணு "ஸ்மால் வால் சார், மட் வால்"ங்குது, ஒண்ணு தரையில கோடு இழுத்துக் காட்டுது. சளசளன்னு, தப்பும் சரியுமா, ஆபீசருக்குப் பாத்தி கட்டச் சொல்லிக் குடுத்துட்டுதுக. அவரு குனிஞ்சு கேட்டுக்கிட்டே இருந்தாரு. போகும்போது, வகுப்பு நடக்கட்டும்னு பெரிய டீச்சர்கிட்டத் தமிழ்ல சொல்லிட்டுப் போனாரு. பெரிய டீச்சர் அமலோற்பவம் டீச்சரோட தோளத் தொட்டுட்டு, ஆபீசர் பின்னாலயே போயிட்டாவ.

ம்? தூங்கிட்டியா? இன்னும் கொஞ்சந்தான்.

தை மாசம் ஒரு புதுப் பையன் வந்தான். ஒடிசாவுல இருந்து அப்பா உப்பு மூட்டை தூக்க வந்திருக்காரு. பையனுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. எங்க உக்காரணும்னு தெரியாமச் செவுத்தோட ஒட்டி நின்னான். டீச்சரு சொல்லுமுன்ன பேச்சி நகந்து எடம் விட்டா. ரிஜிஸ்தர்ல இருந்த அவன் பேரப் பாத்து, ஜகபந்துன்னு கூப்ட்டா. அவன் இல்லன்னு தலைய ஆட்டுனான். "ஜொகொபொந்து"ன்னான், தரையப் பாத்துக்கிட்டே.

"ஜகொபந்து?"

இல்ல.

"ஜொகபொந்து?"

இல்ல. அவன் நிமுந்து பாத்து, மெதுவா, பிரிச்சுப் பிரிச்சு அவளுக்குச் சொல்லிக் குடுத்தான்.

பேச்சி அவன் வாயவே பாத்துக்கிட்டிருந்தா. "ஜொகொபொந்து"ன்னா.

அவன் ஆமான்னு தலைய ஆட்டிட்டு, பைய எறக்கி வச்சு, அவ பக்கத்துல உக்காந்தான்.

கதையும் கரை சேந்துட்டு, கண்ணும் சொருகிட்டு. இனி "ம்" வேண்டாம் மக்கா. உறங்கு.