கவிராயர் வாயில் வந்த சொல்

ஒரு காலத்தில், ஒரு தேசத்தை ஆண்ட அரசருக்குச் சொற்களின் மேல் ஆசை பிடித்துக்கொண்டது. முந்தின வருஷம் புறாக்களின் மேல் ஆசை. அதற்கு முன் கிணறு வெட்டுவதில். இந்த வருஷம், நாட்டில் வழங்கும் சொற்களுக்கெல்லாம் பொருள் எழுதி ஒரு நிகண்டு தொகுத்தே தீருவது என்று நின்றார்.

அந்தப் பொறுப்பு அவைப் புலவர் அம்பலவாண கவிராயருக்குப் போயிற்று. அவரும் சும்மா இருக்கவில்லை. நிகண்டு முடியும்வரை பாலும் பழமும் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று சபையறிய விரதம் பூண்டார். அரசர் உருகிப்போய்த் தம் வலப்பக்கத்திலேயே அவருக்கு ஆசனம் போட்டார். அதுவரை அங்கே உட்கார்ந்திருந்தவன் விகடன் வயிரவன். அவன் நாலு படி கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டான். ஆனாலும் கவிராயருக்கு மனம் ஆறவில்லை. தம் செய்யுளுக்குக் கொட்டாவி விடும் அரசர் வயிரவன் தும்மினால்கூடச் சிரிக்கிறாரே என்று வயிறெரிந்தார்.

ஒருநாள் 'தொடர்' என்ற சொல் வந்தது. சங்கிலி, வரிசை, சொற்றொடர் என்று கவிராயர் அடுக்கினார். ஓலை எழுதுபவர் எழுத்தாணியைக் கீழே வைக்கப் போகும் சமயம், இன்னொரு பொருளும் உண்டென்றான் வயிரவன். கடைத்தெரு மண்டபத்தில் ஒருவர் நாளுக்குக் கொஞ்சமாக நாற்பது நாள் கதை வாசிக்கிறார். விட்ட இடத்தில் பிடித்து, பிடித்த இடத்தில் விடுகிறார். ஜனங்கள் அதைத் தொடர் என்றுதான் சொல்கிறார்கள் என்றான்.

கவிராயர் காதைப் பொத்திக்கொண்டார். எண்ணெய் விற்பவரும் உப்பு விற்பவரும் பேசுவதெல்லாம் நிகண்டில் ஏறுமா என்று கேட்டார். பிறகு, வந்த வாய்ப்பை விடக்கூடாது என்று நினைத்தவராய் எழுந்து நின்றார்.

"அரசே, கற்றவர் வாயில் வழங்குவதே சொல். ஐந்து நாள் தவணை தருகிறேன். இதே அவையில் என் வாயிலிருந்து அந்தச் சொல் அந்தப் பொருளில் வருமானால் நானே அதை ஏற்றி எழுதுகிறேன். வராவிட்டால் இவன் அவையை விட்டுப் போகட்டும்."

அரசருக்குப் பந்தயம் என்றால் கரும்பு. தோற்றால் வயிரவன் எல்லைப்புறத்து ஆட்டுப்பட்டிக்குக் காவல் போக வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

வயிரவன் அன்று சாப்பிடவில்லை. ஒருவன் வாயைக் கட்டலாம். ஒரு சொல்லை அதிலிருந்து பிடுங்குவது எப்படி? மறுநாள் விடிந்ததும் கால் போன போக்கில் நடந்து, ஆப்பக்காரி செங்கமலத்தின் கடைமுன் போய் நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன விகடரே, மொகம் வாடிக் கெடக்கு? ஒங்க புலவரப் பாருங்க. தெனம் கம்பளியப் போத்திக்கிட்டு வந்து ஆறு ஆப்பம் தின்னுட்டுல்ல போறாரு. நேத்து அரமனச் சமையக்காரரு வர்றதப் பாத்ததும் எங் கூடைக்குள்ள பூந்துக்கிட்டாரு."

வயிரவன் அவளிடம் ஒரு ஆப்பம் வாங்கி முழுதும் தின்றான். இரண்டாவதும் வாங்கினான்.

அன்று அவையில், ஒரு கதை சொல்ல அரசரிடம் அனுமதி கேட்டான். ஏதோ ஒரு ஊரில் ஒரு பெரிய மனிதர். பாலும் பழமும் மட்டுமே உண்பதாக விரதம் இருந்தாராம். ஒரு விடியலில் தெருமுனையிலிருந்து ஆப்ப வாசனை வந்ததாம். இவ்வளவு சொல்லிவிட்டு, மீதி நாளைக்கு என்று உட்கார்ந்துவிட்டான். கவிராயர் கையிலிருந்த ஓலைச்சுவடி நழுவி விழுந்தது.

இரண்டாம் நாள் அந்த மனிதர் கம்பளி போர்த்திக்கொண்டு ஆறு ஆப்பம் தின்றார். மூன்றாம் நாள் தூரத்தில் யாரோ வருவதைக் கண்டு பெரிய கூடையொன்றைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டார். வந்தவர் நேராக அந்தக் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார் என்ற இடத்தில் வயிரவன் நிறுத்தினான். அரசர் அன்று மத்தியானம் உறங்கவில்லை. அந்த மனிதர் யார் என்று அரசி அந்தப்புரத்திலிருந்து ஆள்விட்டுக் கேட்டாள்.

நாலாம் நாள் வயிரவன் எழுவதற்குள் கவிராயர் எழுந்துவிட்டார். இந்தக் கதை அவைக்கு இழுக்கு, இதை நிறுத்த ஆணையிட வேண்டும் என்று வேண்டினார். புலவர் சொல்லைத் தட்ட மனமில்லாமல் அரசரும் அரைமனதாய்த் தலையசைத்தார்.

வயிரவன் கைகட்டி நின்றான். "அரசே, ஆணைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் நேற்றைய கதை நேற்றே நின்றுவிட்டது. இன்றைய கதையை இன்னும் தொடங்கவில்லை. எதை நிறுத்த வேண்டும் என்று புலவர் தெளிவாகச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன்."

நாள்தோறும் வருகிறதே அது என்றார் கவிராயர். நாள்தோறும் சூரியனும் வருகிறதே என்றான் வயிரவன். விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்து, துண்டு துண்டாக, முடியாமல், அடுத்த நாள் என்ன ஆகுமோ என்று தூக்கத்தைக் கெடுக்கிறதே அது என்று கவிராயர் மூச்சிரைத்தார். ஓலை எழுதுபவர் இதை எப்படி எழுதுவது என்று திகைத்தார். அரசருக்குப் பொறுமை போயிற்று.

"ஒரே சொல்லில் சொல்லும், புலவரே. எதை நிறுத்த வேண்டும்?"

"இந்தத் தொடரை நிறுத்த வேண்டும்" என்றார் கவிராயர்.

ஓலை எழுதுபவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அரசர் மெல்லக் குனிந்து கேட்டார்: "எந்தத் தொடர்? யானை கட்டும் சங்கிலியா?"

பிறகு அரசர் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. கவிராயர் வாக்குத் தவறாதவர். அங்கேயே எழுத்தாணியை வாங்கி, 'தொடர்: விட்டு விட்டு, நாள்தோறும் பகுதி பகுதியாக வருவது' என்று தம் கையாலேயே எழுதினார்.

அரசர் வயிரவனுக்குத் தம் பட்டுச் சால்வையைப் போர்த்தி, வலப்பக்கத்தில் இன்னொரு ஆசனம் போடச் சொன்னார். அவன் உட்கார்ந்ததும், கூடைக்குள் இருந்தவர் யார், அப்புறம் என்ன ஆனார் என்று காதோடு காதாகக் கேட்டார்.

வயிரவன் கவிராயரைப் பார்த்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"மன்னிக்க வேண்டும், அரசே" என்றான் வயிரவன். "அந்தத் தொடரை நிறுத்தச் சொல்லித் தாங்களே ஆணையிட்டுவிட்டீர்கள்."