முத்திரையில்லாத வில்லை

மலையடிவார மடத்தின் தலைவர் நிறைமதி அடிகள். சீடர் அருளம்பலம் அவரைவிட மூத்தவர்; மென்பொருள் நிறுவனத்தில் தலை நரைத்தபின் துறவுக்கு வந்தவர். மடத்தின் அறைப்பதிவு இணையதளம் அவர் கைவண்ணம்.

ஒரு காலை இசக்கியம்மை என்பவர் வாசலில் வந்து நின்றார்.

"என் வீட்டுக்காரருக்குத் திதி கொடுக்க இணையதளத்தில் அறை கேட்டேன், சாமி. பக்கம் மாறும்போதெல்லாம் 'நீங்கள் யார்' என்றே கேட்டது. போன் செய்தால், உங்கள் கைபேசிதான் பழுது என்றார் ஒருவர். நல்ல போன் வாங்க வக்கில்லாத பாவி நான். திதி நேற்றே போய்விட்டது."

அந்த ஒருவர் அருளம்பலந்தான். உள்ளே அடிகளிடம் நழுவினார்.

"சுவாமி, வந்தவரை நினைவில் வைக்க, தளம் உலாவியிடம் குக்கி என்ற சிறு அடையாளக் குறிப்பைக் கொடுத்துவைக்கும். என் உலாவி அதைப் பத்திரமாகத் திருப்பிக் காட்டுகிறது. அந்த அம்மாவின் உலாவி வாங்கிய கையோடு எறிந்துவிடுகிறது. நான் என்ன செய்ய?"

அடிகள் ஒரு பித்தளை வில்லையைத் தந்தார். "இரண்டு மடைப்பள்ளியிலும் இதைக் காட்டி மோர் வாங்கி வாரும்."

தெற்கு மடைப்பள்ளியில் பழைய சமையல்காரர் சுடலை சிரித்தார். "நம்ம சாமிக்கு வில்லை எதுக்கு? பிடியுங்க."

வடக்கில் இருந்தவர் புதியவர். வில்லையைப் புரட்டிப் பார்த்துத் திருப்பித் தந்தார். "எந்த மடைப்பள்ளிக்குன்னு முத்திரையே இல்லையே, சாமி. வெறும் பித்தளைக்கு மோர் ஊத்தினா ஏச்சு எனக்குத்தான்."

அருளம்பலம் முகம் சிவக்கத் திரும்பினார். "வடக்கில் பிடிவாதக்காரர், சுவாமி."

"தெற்கில்?"

"தந்தார்."

"வில்லையைப் பார்த்தா?"

அருளம்பலம் தலை கவிழ்ந்தார். "என் முகத்தைப் பார்த்து."

கணினியைத் திறந்தார். குக்கி எங்கெங்கே செல்லலாம் என்று குறிக்கும் வரியை அவர் எழுதவே இல்லை. அவருடைய உலாவி பெருந்தன்மையோடு ஊகித்துக்கொண்டிருந்தது. வேறெந்த உலாவியிலும் அவர் ஒருநாளும் சோதித்ததில்லை.

வரியை எழுதினார். மற்ற உலாவிகளிலும் திறந்து பார்த்தார். எங்கும் சரியாக வந்தது.

"திருத்திவிட்டேன், சுவாமி. இனி எதிலும் பழுதில்லை."

அடிகள் வாசற்பக்கம் பார்த்தார்.

"அந்த அம்மா இன்னும் தம் கைபேசியைத்தான் நொந்துகொண்டிருக்கிறார்."